நம் வீட்டில் நடக்காத ஒரு சவரம்

தம்பி,

நீ என்னைப் பற்றி நல்லவிதமாகப் பொய் எழுதியிருக்கிறாய். அதுதான் நீ செய்த பிழை. கூடாதவிதமாக எழுதியிருந்தால் இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு விட்டிருப்பேன். நல்லவிதமாக எழுதியதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பத்து நாட்களாக யோசிக்கிறேன், விளங்கவில்லை. நேரில் கதைத்தால் நான் சத்தம் போடுவேன், நீ "சரி அப்பா, சரி அப்பா" என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியைப் பார்ப்பாய், அம்மா தேத்தண்ணீர் கொண்டுவருவார், விடயம் அத்தோடு முடிந்துவிடும். ஆகவே எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. நீ எழுதியதை ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் வாசித்தார்கள். நான் எழுதுவதையும் விரும்பியவர்கள் வாசிக்கட்டும். உன் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான், இருபத்தொரு நாள்தான் இருக்கிறது. அதற்கு முன் இது தீர வேண்டும்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மின் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுவதை நான் ஒருவரிடமும் படிக்கவில்லை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணி எண்ணியே பழகினேன். நாற்பது வருடம் அந்த வேலையில்தான் நம் வீடு நடந்தது. ஆங்கிலமும் அப்படித்தான் வந்தது, பத்திரிகையை எழுத்துக் கூட்டி. அதனால் ஒரு விடயம் விளங்காவிட்டால் அதைப் பிரித்துப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டேன். உன் அம்மா அதைப் பிடிவாதம் என்கிறார். பிடிவாதம் என்றே இருக்கட்டும்.

நீ பம்பலப்பிட்டியில் தனி வீடு எடுத்துப் போன பிறகுதான் உனக்கு இந்தச் சவர வியாதி பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் உன்னைப் பார்க்க வந்தபோது, சாமிப்படம் வைக்க வேண்டிய தட்டில் வட்ட வட்டமாகத் தகர டப்பாக்கள் இருந்தன. நாற்பத்தொன்று. நான் எண்ணினேன். எல்லாம் முகத்துக்குப் போடுகிற சவர்க்காரம் என்றாய். சந்தனம், எலுமிச்சந்தோல், கோப்பி, புகையிலை, தோல் சப்பாத்து. ஒரு டப்பாவில் மழை என்று எழுதியிருந்தது.

"மழைக்கும் ஒரு டப்பாவோ?" என்று கேட்டேன்.

"தார் ரோட்டில முதல் மழை விழேக்க ஒரு மணம் வருமெல்லோ அப்பா, அது."

"அதுக்கு உந்தக் காலி மெயின் ரோட்டில போய் நிண்டாக் காணும். சும்மா வரும்."

அம்மா உன் பிரஷைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். "நல்ல மெத்தெண்டு கிடக்கு. என்ன மயிர் இது?"

"பேட்ஜர் எண்டு ஒரு மிருகம் அம்மா. கீரி மாதிரி."

"செத்ததோ?"

"உயிரோட இருந்தா முகத்தில பூச விடுமோ?" என்றேன் நான்.

"வெள்ளிக்கிழமையும் இதைத்தான் பூசுறியோ?" என்று கேட்டுவிட்டு அம்மா அதைக் கீழே வைத்துக் கை கழுவப் போய்விட்டார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு விளங்கவில்லை. எனக்குச் சவரம் நான்கு நிமிட வேலை. குளிக்கிற சவர்க்காரத்தை முகத்தில் தேய்த்து, மேலிருந்து கீழே இழுத்து, கழுவிவிட்டுக் கடைக்குப் போகிற ஆள் நான். உனக்கு நாற்பது நிமிடம். சுடுதண்ணீரில் முகம் துடைக்கிற துவாய், பிரஷை ஊறவைத்தல், நுரை கட்டுதல், ஒரே முகத்தை மூன்று முறை வழித்தல். அதற்கு முன்னால் சவர்க்காரத்தையும் பிரஷையும் ரேசரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம். அந்தப் படத்தைப் பார்க்கவென்று தொலைபேசியில் ஒரு கூட்டம். கண்டியில் வேலையிலிருந்து இளைப்பாறிய பல் டொக்டர் ஒருவர்தான் உங்கள் தலைவர் என்றாய். காலிப் பட்டினத்தில் ஒரு ஆள், மட்டக்குளியில் ஒரு ஆள், கனடாவில் ஐந்தாறு பேர். நாளும் பொழுதும் ஒருவருக்கொருவர் சவால் விடுவது. ஒரு மாதம் ஒரே பிளேட். ஒரு டப்பாவின் அடித்தகரம் தெரியும்வரை இன்னொன்றைத் தொடக்கூடாது. வென்றவருக்குத் தொலைபேசியில் பதக்கப் படம் வரும். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு பிளேட்டைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் தேய்த்துத் தேய்த்து இரண்டு மாதம் பாவித்தவன் நான். எனக்கு ஒருவரும் பதக்கம் அனுப்பவில்லை.

இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். நீ என்னையும் அந்த விளையாட்டில் இழுத்துவிட்டபோது எனக்கு அது பிடித்திருந்தது. துவாயால் என் கண்ணைக் கட்டி, டப்பா டப்பாவாக மூக்கின் கீழே பிடித்தாய்.

"சொல்லுங்கோ அப்பா, என்ன மணம்?"

"ஆசுப்பத்திரி."

"அது லவெண்டர்! சரி, இது?"

"நூறாம் நம்பர் பஸ். சரியான சனம். பக்கத்தில நிக்கிற மனுசன் சென்ட் பூசியிருக்கிறான்."

"ஐயோ அப்பா, இருக்கிறதிலயே விலை கூடினது இதுதான்!"

"அவனும் அப்பிடி நினைச்சுத்தான் பூசியிருப்பான்."

அதை நீ உன் கூட்டத்துக்கு எழுதிவிட்டாய். அன்றிலிருந்து அவர்கள் என்னை நூறாம் நம்பர் அங்கிள் என்கிறார்களாம். அடுத்த மாதம் கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்கிற சவால் வந்தது. மின்சாரம் இல்லாத எத்தனையோ விடிகாலைகளில் இருட்டுக்குள் வழித்துப் பழகிய கை என்னுடையது. உன்னையும் வென்றேன், காலி ஆளையும் வென்றேன். பதக்கப் படத்தை அம்மாவிடம் இரண்டு தரம் காட்டினேன். நாம் இருவரும் அப்படிப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு ஒரு காரியம் செய்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதே நாளில் இன்னொன்றையும் கண்டேன், உனக்குச் சொல்லவில்லை. கண்ணாடி இல்லாமல் நீ வழித்துக்கொண்டு வரும்போது, இடது தாடையின் கீழே அரை விரல் நீளத் தழும்பு ஒன்று இருக்கிறதே, அந்த இடத்துக்கு வந்ததும் உன் கை தானாக நின்றது. பிறகு மெதுவாக அதைச் சுற்றிப் போனது. பார்க்காமலே உன் கைக்கு அந்த இடம் தெரிந்திருந்தது.

பிறகு பத்து நாளைக்கு முன் ஷாமினி வந்தாள். நீ கட்டப்போகிறவள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, தகப்பன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் என்று முதலில் நான் ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு வேறு, அதை அவளிடமே சொல்லித் தீர்த்துவிட்டேன். அன்று அவள் கையில் ஒரு சிறு பெட்டியும் தொலைபேசியும். முகமெல்லாம் சந்தோசம்.

"அங்கிள், உங்க மகன் வின் பண்ணியிருக்கார்! முதல் சவரம் பத்தி எல்லாரும் எழுதணும்னு சவால். இவர் எழுதினதுதான் ஃபர்ஸ்ட். முழுக்க உங்களைப் பத்தித்தான்."

"என்னைப் பற்றியோ? அவன் என்னத்தை எழுதினவன்?"

"இருங்க, நான் தமிழ்லயே சொல்றேன். ஆன்ட்டி, நீங்களும் வாங்க."

அவள் வாசித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையாம். நான் உன்னைப் பல்கனியில் முக்காலி போட்டு இருத்தினேனாம். பித்தளைச் சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீராம். சந்தனச் சவர்க்காரத்தை என் உள்ளங்கையிலேயே நுரைக்கத் தேய்த்து உன் முகத்தில் பூசினேனாம். கடற்காற்று வீசியதாம். ரேசரைப் பிடிக்கப் பழகுமுன் மூச்சைப் பிடிக்கப் பழகு மகனே என்று சொன்னேனாம். தம்பி, அப்படியொரு வசனத்தை நான் என் வாழ்நாளில் ஒருவருக்கும் சொன்னதில்லை. நம் வீட்டில் பித்தளைச் சட்டி இருந்ததுமில்லை. பல்கனியில் அந்தக் காலம் முழுக்க எரிந்த மோட்டார்கள்தான் கிடந்தன, முக்காலி போட இடமேது? நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாமினி பெட்டியைத் திறந்தாள். அந்தக் கண்டிப் பல் டொக்டர் நீ எழுதிய காலையை வாசித்துவிட்டு, அந்தக் காலையின் மணத்திலேயே ஒரு சவர்க்காரம் செய்து பரிசாக அனுப்பியிருந்தார். சந்தனமும் உப்புக்காற்றும். மூடியில் உன் பெயரோடு என் பெயரும். நான் மணந்து பார்த்தேன். நல்ல மணம். ஆனால் அது எந்த வீட்டின் மணம் என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னும் கேளுங்க அங்கிள். எல்லாரும் என்ன கேக்கிறாங்கன்னா, கலியாணத்தன்னைக்குக் காலையில நீங்க இவருக்குச் சவரம் செஞ்சுவிடணுமாம். அன்னைக்குச் செஞ்ச மாதிரியே. ஃபோட்டோ எடுத்துப் போடச் சொல்றாங்க. இவரும் சரின்னுட்டார்."

நான் எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதைவரை போய் நின்றுவிட்டு இருட்டுப்படத்தான் வந்தேன். அந்தப் பிள்ளை பயந்துபோய்விட்டதாம். அடுத்த நாள் நீ தொலைபேசி எடுத்தாய்.

"அப்பா, உங்களுக்கு அது கௌரவக் குறைச்சல் எண்டா விடுங்கோ. சலூனுக்குப் போறன்."

"கௌரவத்தில ஒண்டுமில்லை. நீ எழுதினது பொய்."

"கதைதானே அப்பா."

"அப்ப அண்டைக்கு நடந்தது?"

"எண்டைக்கு?"

எண்டைக்கு என்று கேட்டாய். பிறகு நீயே, "எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை அப்பா. விடுங்கோ," என்று சொல்லிவிட்டு வைத்தாய். உன் கைக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கு இல்லையா? அல்லது எனக்கு ஞாபகம் இல்லை என்று நினைத்தாயா? நான் விடமாட்டேன். நீ மறந்திருந்தால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் என் கையால் உன் முகத்தை வழித்தது ஒரே ஒரு தரம்தான். அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தரம் படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை முடியும்வரை வழிப்பதில்லை என்று தாடி விட்டிருந்தாய். பன்னிரண்டு நாள் தாடி. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழ்ப் பெடியன் ஒருவன் வீதியில் இறங்கினால் பத்து இடத்தில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையில் உன் முகம் மழமழவென்று இருந்தது. முகமும் அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் சட்டம். நான் நாற்பது வருடம் நாள் தவறாமல் வழித்தது அழகுக்காக இல்லை. ஒவ்வொரு காலையும் என் அட்டையில் இருந்த ஆளாக என்னை ஆக்கிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். உனக்கும் அதைத்தான் சொன்னேன். நீ கேட்கவில்லை. பன்னிரண்டு நாளும் அதனால் சண்டை.

பதின்மூன்றாம் நாள் விடியற்காலை ஆமியும் பொலிசும் நம் கட்டடத்தைச் சுற்றி வளைத்தார்கள். கீழ்மாடியில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. மின்சாரம் இல்லை, அதனால் தண்ணீர் மோட்டார் வேலை செய்யவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை. நான் உன்னைப் படுக்கையிலிருந்து இழுத்து எழுப்பினேன். குளியலறைக் கதவோடு சேர்த்துக் கழுத்தில் கை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் பழைய பிளேட்டால், தண்ணீரும் இல்லாமல் சவர்க்காரமும் இல்லாமல் உன் தாடியை வழித்தேன். நீ, "நோகுது, நோகுது, விடுங்கோ அப்பா," என்றாய். தலையை அசைத்தாய். நான் கன்னத்தைப் பொத்தி ஒரு அறை விட்டேன். பிறகு நீ அசையவில்லை. தாடையின் கீழே ஆழமாக வெட்டியது அப்போதுதான். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பானை நிறையக் குடிதண்ணீர் இருந்தது. அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை. பதினெட்டு வருடமாக வருகிறது.

கதவைத் திறந்தபோது உன் முகத்தில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. பெனியனில் துண்டு துண்டாக மயிர். வந்த அதிகாரி அட்டையைப் பார்க்கவே இல்லை. உன் முகத்தைத்தான் பார்த்தார். ஏன் இப்போது அவசரமாகத் தாடியை வழித்தாய் என்று சிங்களத்தில் உன்னைக் கேட்டார். நீ வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். இவன் ஒவ்வொரு நாளும் வழிக்கிறவன் மாத்தயா என்றேன். அவர் உன் பெனியனில் இருந்து ஒரு மயிரை எடுத்து எனக்குக் காட்டினார். நீளமான மயிர். உன்னைச் சேர்ட்டைப் போடச் சொன்னார்.

பக்கத்து வீட்டு ரவி பற்றைபோலத் தாடியோடுதான் கதவைத் திறந்தான். அட்டையைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். அவன் அன்று பகல் நம் வீட்டுக்கு வந்து, "மாமா, தம்பியை ஏன் கொண்டுபோனவங்கள்?" என்று கேட்டான். தாடி விட்டதால் என்று சொன்னேன். தாடியோடு நின்ற பெடியனிடம் அதைச் சொன்னேன்! அவன் தாடியைத் தடவிக்கொண்டு போனான். அம்மா மட்டும் அன்று ஒரு தரம் சொன்னார்: "ரத்தம் ஒழுக ஒழுக ஒருத்தன் கதவடியில நிண்டா ஆர் நம்புவான்? நீங்கள் சும்மா விட்டிருக்கலாம்." நான் போட்ட சத்தத்தில் அதற்குப் பிறகு அவர் அதைப் பேசவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் உன்னை விட்டார்கள். நான் பொலிஸ் நிலைய வாசலில் காலையிலிருந்து நின்றேன். நீ வெளியே வந்தாய். கட்டுப் போடாத காயம் காய்ந்து கறுத்திருந்தது. நான் உனக்குச் சொன்ன முதல் வார்த்தை, "நான் அப்பவே சொன்னன்." நீ, "பசிக்குது," என்றாய். அவ்வளவுதான். உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. லண்டனில் இருக்கிற பெரியப்பாவுக்குத் தொலைபேசியில், இவன் தாடி விட்டதால் வந்த வினை என்றேன். உன் மாமாமாருக்கும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது. ஷாமினி அந்தப் பித்தளைச் சட்டியை வாசிக்கும்வரை அப்படித்தான் இருந்தேன்.

இப்போது சொல், நீ ஏன் அப்படி எழுதினாய்? நான் மூன்று விதமாக யோசித்துப் பார்த்தேன். பரிசுக்காக எழுதினாய் என்று முதலில் நினைத்தேன். நாற்பத்தொரு டப்பா வைத்திருக்கிறவனுக்கு நாற்பத்திரண்டாவது எதற்கு? என்னைக் குத்திக் காட்ட எழுதினாய் என்று பிறகு நினைத்தேன். குத்திக் காட்டுகிறவன் உள்ளங்கையில் நுரை கட்டியதை எழுதுவானா? அப்படி ஒரு தகப்பன் இருந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டு எழுதினாய் என்று மூன்றாவதாகத் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க என்னால் முடியவில்லை. அந்த இடத்தில் எழும்பிப் போய் எதையாவது கழற்றிப் பூட்டத் தொடங்கிவிடுகிறேன். கூடத்து மின்விசிறி இந்தப் பத்து நாளில் மூன்று தரம் கழற்றப்பட்டுவிட்டது.

என்னிடம் மட்டும்தான் பிழை என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீ தாடி விட்டது பிழைதான். அந்தக் காலத்தில் அது விளையாட்டில்லை, இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் அதற்கான தண்டனை நான் செய்தது இல்லை. பிழை செய்தவனைத் திருத்துகிறேன் என்று போய், அவன் செய்ததைவிடப் பெரிய பிழையைச் செய்துவிட்டு, பிறகு சின்னப் பிழையையே ஆயுள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ கலியாணம் கட்டப்போகிறாய். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். ஷாமினி ஏதாவது ஒன்றில் பிழைபட்டு வந்து உன் முன்னால் நிற்கும்போது, நான் அப்பவே சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே. நீ உண்மையிலேயே சொல்லியிருந்தாலும் சொல்லாதே. சாப்பிட்டாயா என்று கேள். அதைக் கேட்கத் தெரியாமல்தான் நான் அந்த வாசலில் நின்றேன்.

உன் சவர்க்கார விளையாட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. நான் பயத்தோடு செய்த ஒன்றை நீ மணம் பிடித்து, நுரை கட்டி, நாற்பது நிமிடம் ஆறுதலாகச் செய்கிறாய். அது ஏன் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறதுபோல இருக்கிறது. முழுக்க விளங்கவில்லை. ஆனால் நடக்காத ஒன்றுக்காக ஒருவர் எனக்கு நன்றி சொன்னால் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. எரிந்த மோட்டாருக்கு மேல் புது வர்ணம் பூசி ஒருநாளும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஆகவே இனிச் செய்ய வேண்டியவை.

நீ அந்தக் கூட்டத்துக்கு உண்மையை எழுத வேண்டும். அப்பா கொஞ்சம் கண்டிப்பானவர் என்று மெழுகி எழுதக்கூடாது. பழைய பிளேட், தண்ணீர் இல்லாதது, அறை, நான் அதிகாரியிடம் சொன்ன பொய், வாசலில் நான் சொன்னது, எல்லாம் வர வேண்டும். ஞாபகம் இல்லை என்றால் மேலே எழுதியிருக்கிறேன், பார்த்து எழுது.

கண்டி டொக்டருக்கு நான் எழுதுவேன், என் ஆங்கிலத்தில். மணம் நல்லது, ஆனால் அந்தக் காலை எங்கள் வீட்டில் விடியவில்லை என்று. சவர்க்காரத்தைத் திருப்பி வாங்குவதா விடுவதா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

பெரியப்பாவுக்கும் மாமாமாருக்கும் தாடியால் நடந்தது இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான். பெரியப்பாவுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். "உந்தக் கதையை இப்ப ஏன்ரா சொல்லுறாய்?" என்று கேட்டார். ரவிக்கும் நானே சொல்ல வேண்டும். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரியும். இலக்கத்தை எடுத்துத் தர வேண்டியது அம்மா.

ஷாமினி இதைக் கலியாணத்துக்கு முன் முழுக்க வாசிக்க வேண்டும். அவளுக்கு வாசிக்கக் கொடுக்க வேண்டியது நீ. நடுவில் ஒரு பக்கத்தையும் எடுத்து ஒளிக்காதே.

அந்த இரண்டு பகலும் ஒரு இரவும் உனக்கு உள்ளே என்ன நடந்தது என்று கேட்க வேண்டியவன் நான். பதினெட்டு வருடம் பிந்திக் கேட்கிறேன். சொல்வதோ சொல்லாமல் விடுவதோ உன் இஷ்டம். என்னிடம் இல்லாமல் ஷாமினியிடம் சொன்னாலும் போதும்.

கலியாணத்தன்று காலை உன் முகத்தை யார் வழிப்பது என்பதை நீதான் சொல்ல வேண்டும். டொக்டரும் கூட்டமும் இல்லை, நானும் இல்லை. சலூனுக்குப் போவதென்றால் கூட வந்து பக்கத்துக் கதிரையில் இருப்பேன். நீயே வழிப்பதென்றால் கதவுக்கு வெளியே நிற்பேன். நான்தான் என்று சொன்னால் செய்வேன், படம் எடுக்கிறவர்கள் ஒருவரும் உள்ளே வரக்கூடாது. எதுவாக இருந்தாலும் மூன்று நாளுக்கு முன்னமே சொல்லிவிடு. இன்னொருவர் முகத்தில் ஆறுதலாக வழிக்க என் கை பழகியதில்லை. பழக அவ்வளவு நாளாவது வேண்டும்.

அப்பா